நண்டு வண்டி

தொண்டியில் ஏற்றும்போதே
பெட்டிகளுக்குக் குறுக்கே கயிறிழுத்து
இன்னாசி முடிச்சுப் போட்டான்.
நானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.
ஒரு பெட்டி சரிந்தாலும்
மண்டபத்துக் கம்பெனியில் காசு பிடிப்பார்கள்.

என் பெல்ட்டுக்கு வேலை
உச்சிப்புளி செக்போஸ்ட்டில் மட்டும்.
பூட்டுவதில்லை.
தோளில் இழுத்துக் கையால் பிடித்துக்கொள்வேன்.
போலீஸ் கண்ணுக்கு அது போதும்.

தேவிபட்டினம் தாண்டி ஓர் ஆடு.
பிரேக்.
பெட்டி ஒன்றுகூட நகரவில்லை.
கண்ணாடியில் விரிசல்,
என் நெற்றி போய் நின்ற இடத்தில்.
இறங்கி, முதலில்
நண்டைத்தான் பார்த்தேன்.

ஆட்டைத் திட்ட வாயெடுத்தேன்.
அது உடைமரத்துக்குள் போய்விட்டது.
வேறு யாரும் இல்லை திட்டுவதற்கு.

பூட்டின் வாயில் மணல், பல மாதத்து மணல்.
ஊதி ஊதி எடுத்துவிட்டு
மாட்டினேன்.

உச்சிப்புளி வந்தது.
செக்போஸ்ட்டில் யாருமில்லை.