ஆறு லட்சத்தை எங்கே எழுதுவது

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
மருந்துக்கடை மாடியில் என் அலுவலகம்.
மேசைமேல் தீர்த்தகிரியின் கோப்பு.
கோப்பின்மேல் ஒரு தக்காளி.
"கிலோ மூணு ரூபாய்தான்,
பேப்பர் பறக்காம இருக்கட்டும்"
அவரே வைத்தது.

எந்திரம் இருபத்து நாலு லட்சம்.
தோல் வேறு விதை வேறு கூழ் வேறாகப் பிரிக்கும்.
வாங்கிப் பதினோரு மாதம் கழித்து
வங்கியில் வந்து விழுந்தது மானியம், ஆறு லட்சம்.
மார்ச் இருபத்தெட்டு, மாலை நாலே கால்.
குறுஞ்செய்தியை எனக்குத் தள்ளிவிட்டு
கூடவே ஒரு வரி:
இந்த வருசம் லாபம்தானே?

இல்லை.
வந்ததெல்லாம் வருமானம் இல்லை என்று சொல்லத்தான்
மாதம் இரண்டாயிரம் தருகிறார் எனக்கு.

இரண்டு வழி இருக்கிறது என்றேன்.
எந்திரத்தின் விலையிலேயே கழித்துவிடலாம்.
ஏட்டில் அது பதினெட்டு லட்சத்து எந்திரம்,
அரசாங்கம் வந்துபோன தடமே இருக்காது,
மழை கழுவிய சந்தைத் தரை மாதிரி.
அல்லது
எந்திரத்தை அதன் முழு உயரத்தில் நிற்கவிட்டு
ஆறு லட்சத்தை எதிர்ப்பக்கம் உட்காரவைக்கலாம்,
ஒத்திவைத்த வருமானம் என்று பேர் கொடுத்து.
வருசத்துக்கு அறுபதாயிரம் எழுந்து வரும்.
எந்திரம் தேயும் வேகத்தில்
மானியமும் தேயும். பத்து வருசம்.

"ரெண்டுல எதுல லாபம் ஜாஸ்தி?"
ரெண்டிலும் ஒன்றுதான்.
"அப்ப இன்னாத்துக்கு ரெண்டு?"
நல்ல கேள்வி.
பரீட்சையில் என்னை யாரும் கேட்காதது.

பத்து வருசம் என்றதும் சிரித்தார்.
அவர் ஊர் ஏரிக்கரையில் ஒரு கல் இருக்கிறதாம்,
மாடு மீட்கப்போய்ச் செத்தவனுக்கு.
அவன் வீட்டுக்கு விட்ட நிலம்
சந்திரன் சூரியன் உள்ளவரை என்று வெட்டியிருக்கிறதாம்.
"அந்தக் காலத்து மானியத்துக்குத் தேய்மானம் இல்ல பாத்தீங்களா."
நிலத்துக்கு எந்தக் காலத்திலும் தேய்மானம் கிடையாது என்றேன்,
தொழில் புத்தி.
அந்த ஆளுக்கு உண்டு என்று
இருவருமே சொல்லவில்லை.

இரண்டாவது வழியில் எழுதினேன்.
ஓர் அறுபதாயிரம்.
இன்னோர் அறுபதாயிரம்.
மூன்றாவதை எழுதிய கோடையில்
தக்காளி நூற்றுப்பத்துக்குப் போனது.

ஊரே பட்டாசு வெடிக்காத குறை.
மூன்று ரூபாய்க்கு ரோட்டில் கொட்டியவர்கள்
தோட்டத்தில் கட்டில் போட்டுக் காவல் படுத்தார்கள்.
கூழுக்கு யார் தருவார்கள்?
மலிந்தால் ஓடும் எந்திரம்,
ஊர் பிழைத்த வருசம் பட்டினி கிடந்தது.

மதனப்பள்ளியிலிருந்து லாரி வந்தது.
அரசு மானியத்தில் வாங்கியது என்ற
மஞ்சள் எழுத்தைச் சுரண்டிவிட்டுத்தான் ஏற்றச் சொன்னார்
வாங்கியவர்.
மற்றதெல்லாம் உரிந்து வந்தது.
மானியம் என்ற சொல் மட்டும்
தகட்டோடு ஒட்டிக்கொண்டு ஆந்திரா போனது.

ஐந்து வருசம் ஓட்டுவேன் என்று
நாலாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.
கடிதம் பதிவுத் தபாலில்:
ஆறு லட்சத்தையும் திருப்பிச் செலுத்தவும்.

இதற்கும் ஒரு வழி இருக்கிறது.
இன்னும் எழுந்து வராமல் உட்கார்ந்திருக்கும்
நாலு லட்சத்து இருபதாயிரத்தை முதலில் நேர்செய்.
மீதியை நட்டத்தில் வை.
வருமானம் என்று நான் கூப்பிட்ட
மூன்று அறுபதாயிரங்களும்
பேர் மாறி அதே வாசல் வழியாக உள்ளே வந்தன.

"அப்பவே முழுசா லாபம்னு எழுதியிருந்தா?"
இன்றைக்கு முழுசும் நட்டம்.
"அப்ப நீங்க எழுதினது நல்லது."
தெரியவில்லை.
கட்டவேண்டியது எப்படி எழுதினாலும் ஆறுதான்.

மின்விசிறியில் கோப்பு படபடத்தது.
எதையாவது மேலே வைக்கத் தேடினார்.
தக்காளி இப்போது கட்டுப்படியாகாது.
கைப்பேசியை வைத்தார்.
திரை ஒருமுறை விழித்து அணைந்தது.
அந்தக் குறுஞ்செய்தியை
இன்னும் அழிக்கவில்லை மனிதர்.