தலைக்கணக்கு

வழக்கமாக முதலில் கடல், பிறகுதான் ஒயின்.
இன்று தங்கை மகனுக்கு ஞானஸ்நானம் என்று
கொனாரியோ விடிந்ததும் கிடங்கைத் திறந்துவிட்டான்.
பத்து மணிக்கே
பதினொரு பேர் கையிலும் கண்ணாடிக் கோப்பை.

"சுழற்றுங்கள், முகருங்கள், அவசரமில்லை" என்கிறேன்.
எங்கள் கன்னோனாவ் திராட்சையைப் பற்றி
ஏழு கோடைகளாக என்னிடம் ஒரே வாக்கியம்:
வெயிலைக் குடித்துவிட்டு ஆட்களைக் குடிக்கும் பழம்.
சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள்.
துப்புவதற்கு வைத்த மண்சாடி
கடைசிவரை காய்ந்தே கிடந்தது.

துறையில் பொனாரியா படகோடு காத்திருந்தாள்.
ஏறுகிறவர்களின் காலைப் பார்த்தே
யாருக்கு எத்தனை கோப்பை என்று சொல்லிவிடுவாள்.
"எஃபீசியா, இது சரியில்லை" என்றாள் தீவின் மொழியில்.
பயணிகளுக்குப் புரியாத மொழி ஒன்று
வேறெதற்கு இருக்கிறது?
பாறைச்சுவரை ஒட்டி ஒரு மணி நேரம் வீணே சுற்றினோம்.
காகிதம் போல் நொறுங்கும் ரொட்டி கொடுத்தேன்,
ஆட்டுப்பால் கட்டி, தண்ணீர், மறுபடி தண்ணீர்.

குகைவாய். எஞ்சினை நிறுத்தினால்
முதலில் கேட்பது அவரவர் மூச்சு.
கடல்மாடு என்று மீனவர்கள் அழைத்த சீல்கள்
ஒரு காலத்தில் இதற்குள் குட்டி ஈன்றன.
எங்கே போயின என்று யாராவது கேட்பார்கள்.
நீங்கள் வருவது தெரிந்து கிளம்பிவிட்டன என்பேன்.
அதற்கும் சிரிப்பார்கள்.

குதித்தார்கள்.
நீருக்கடியில் யாரோ விளக்கேற்றியது போல்
கால்களெல்லாம் பச்சையாக எரிந்தன.
எண்ணினேன். பதினொன்று.
ஆரஞ்சு மிதவை, நீலத் தொப்பி, முத்தமிடும் ஜோடி,
எண்ணினேன். பதினொன்று.
பொனாரியா கயிறு கேட்டாள், திரும்பினேன்.
எண்ணினேன்.
பத்து.

மறுபடி விரலை மடக்கி எண்ணினேன், சின்னப் பிள்ளை மாதிரி.
கெந்த் நகரத்து அம்மாள் இல்லை.
அறுபத்தாறு வயது, கோடெலீவ் என்று பெயர்,
காலையிலிருந்து நாலு வார்த்தை பேசாதவள்,
இரண்டு கோப்பை. இல்லை, மூன்று.

உடுப்போடு குதித்தேன்.
பையில் ஃபோன் இருந்தது
நனைந்த பிறகுதான் நினைவு வந்தது.

குகை உள்ளே வளைகிறது.
வளைவுக்கு அப்பால் வெளிச்சம் வராது,
குரல் மட்டும் போய்
வேறு யாருடைய குரலாகவோ திரும்பும்.
"கோடெலீவ்!" என்றேன்.
லீவு, லீவு என்றது பாறை.
கை எதன்மீதோ பட்டது.
வெதுவெதுப்பான தோள்.
மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள்,
காதுகள் நீருக்குள்,
ஒரு காலில் மட்டும் ரப்பர் செருப்பு.

படகில் துண்டைப் போர்த்தியபடி திட்டினேன்.
ஆங்கிலத்தில் தொடங்கி எங்கள் மொழியில் முடித்தேன்.
புரிந்தது போலவே முழுதும் கேட்டாள்.
பிறகு சொன்னாள்:
"நகராட்சி நீச்சல்குளம். முப்பத்தொரு வருஷம்.
உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தலைகளை எண்ணினேன்.
கணக்கில் இல்லாமல் இருப்பது எப்படியென்று
ஒரு நாலு நிமிஷம்..."
வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டாள்.
"உன் வயிற்றில் என்ன நடந்திருக்கும் என்று தெரியும்.
தெரிந்தும் செய்தேன்."

மன்னித்தேனா என்று தெரியவில்லை.
பல் கிட்டித்துக்கொண்டிருந்தது, எனக்கு.

அடுத்த துறையில் மற்றவர்கள் குதித்தபோது
அவள் இறங்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
கண்கள் நீரின்மேல் இடமிருந்து வலம் போய்த் திரும்பின,
உதடுகள் அசைந்தன.
"பத்து" என்றாள். சற்றுப் பொறுத்து, "பத்து."
நான் ஈரச் சட்டையைப் பிழிந்தேன்.
படகின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு
முழங்கால்வரை கடலில் வைத்துக்கொண்டேன்.
இந்தக் கோடையில் முதல் தடவை.

ஃபோன் அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது.
நாளை ஒன்பது பேர், அதில் இரண்டு குழந்தைகள்.
கொனாரியோவிடம் சொல்லிவிட்டேன்:
முதலில் கடல்.