இருநூற்றுப் பதினாலு பிரதிகள்

கீலுங் துறைமுகத்தில் மழை பெய்யாத நாளைத்தான்
காலண்டரில் வட்டமிட வேண்டும்.
இன்று வட்டமில்லை.
மேசைமேல் பழைய வன்தட்டு
ஆறு நாளாய் டிக், டிக் என்கிறது,
தொண்டையைச் செருமிச் செருமி
ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி போல.

தைபேய்க்கு ரயிலேறினேன்.
மூன்றாம் மாடிக் கடையில் யூகாய்,
ஒற்றைக் காதில் இயர்போன்,
கண்ணாடிமேல் இரண்டை எடுத்து வைத்தான்.
சூயிங்கம் பட்டை அளவு. அச்சு அசல் ஒன்றுபோல.
"இது மலிவு. ஒரே அறைக்குள் நாலு பிட்.
அதில் மூன்றுதான்."
என் அடுக்ககத்தைச் சொல்கிறானோ என்று
ஒரு கணம் திகைத்தேன்.
"நாலு பேரை அடைத்தால் இடம் மிச்சம், அக்கா.
சுவர்தான் சீக்கிரம் தேயும்.
பெரிய கோப்பாகக் கொட்டினால்
பாதி வரை ஓடும், பிறகு நொண்டும்."

எவ்வளவு எழுதினால் ஆயுள் முடியுமென்று
விவரத் தாளில் அச்சிட்டே இருக்கிறது.
பாலைத் தவிர
இவ்வளவு நேர்மையான பொருளை நான் வாங்கியதில்லை.

"உள்ளே என்ன வைப்பீங்க?"
"மௌனம்."
இயர்போனைக் கழற்றினான்.

படங்களுக்கு ஒலி வெட்டுகிறவள் நான்.
பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே ஒட்டுப்போட
ஒவ்வோர் அறையிலும் ஒரு நிமிடம்
எல்லோரையும் சிலையாக நிறுத்திவிட்டு
அறையை மட்டும் பதிவு செய்வோம்.
"ஒன்றுமில்லாததுதானே, ஒரு டெரா தாராளம்" என்றான்.
இல்லை தம்பி.
சுருக்காத கோப்பில்
ஒரு நிமிடச் சண்டைக்கும்
ஒரு நிமிட வாயடைப்புக்கும்
பைட் குறையாமல் ஒரே எடை.

இரண்டு டெரா, அறைக்கு மூன்று பிட்.
விலை கையைக் கடித்தது; வாங்கினேன்.

இரவில் ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன்.
இறுதி.
இறுதி_2.
இறுதி_இதுதான்.
இறுதி_லியௌ_மனம்_மாறியபின்.
ஆண்டுவாரியாக அடுக்கிக் கலைத்தேன்,
இயக்குநர்வாரியாக அடுக்கி
இருவரோடு மனத்துக்குள் சண்டையிட்டுக் கலைத்தேன்.
இடம் மீட்கும் மென்பொருளொன்றை ஏவினேன்.
அளவை மட்டும் பார்த்தது அது.
"ஒரே அளவில் இருநூற்றுப் பதினாலு பிரதிகள்.
ஒன்றை வைத்து மற்றதை நீக்கவா?"

ஆம் என்பதன் மேல் விரல் போய்விட்டது.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.
ஏலம் முடிந்த மீன்கூடம்:
பனிக்கட்டி தனக்குத்தானே விரிசல் விடுகிறது.
நீதிமன்றம்: எழுத்தரின் வயிறு
வாக்குமூலம் தருகிறது.
விடிகாலைக் கரோக்கே அறை: யாரும் பாடாத ஒலிவாங்கியின்
மெல்லிய சீறல்.
இடித்துவிட்ட தையலகம்.
இன்னும் இடிக்காத, ஆனால் நான் போகாத ஒரு வீடு.
நூற்றுப் பத்தாவதில் தூங்கிவிட்டேன்.
மறுநாள் மிச்சம் கேட்டேன்.
நீக்கியது ஒன்றே ஒன்று,
அதுவும் லியௌவின் தும்மல்.

இயங்குதளம் பழைய சின்னத் தட்டில்.
நடப்பு வேலை புதியதில்.
மூன்றாம் பிரதி தைச்சுங்கில்
பல் வைத்தியம் பார்க்கும் சித்தி மகனின் இழுப்பறையில்,
வார்ப்பெடுத்த கடைவாய்ப் பற்களுக்கு அருகில்.
"வருஷம் ஒருமுறையாவது மின்சாரம் காட்டுங்க,
சும்மா கிடந்தா உள்ளே இருக்கிறது கசிஞ்சிடும்,"
யூகாய் சொல்லியனுப்பியதை
அவனிடம் சொன்னேன்.
"பல்லும் அப்படித்தான்" என்றான், என்ன பொருளோ.

பழைய தட்டைப் பிடுங்கினேன்.
புதியது மூச்சே விடவில்லை.
ஆறு நாளில் முதல்முறை
என் அறை எனக்குக் கேட்டது.
பதிவுக் கருவியை அமுக்கி
அசையாமல் நின்றேன்.
நாற்பத்திரண்டாம் நொடியில்
குளிர்சாதனப் பெட்டி உறுமத் தொடங்கிற்று.
இருக்கட்டும் என்று சேமித்தேன்,
இன்னும் பெயர் வைக்கவில்லை.