கடல்மட்டம்

எல் ஆல்ட்டோவில் ஜூன் மாதம் ஐஸுக்குக் காசு தர வேண்டாம்.
ராத்திரி கூரைமேல் ஒரு கிண்ணம் தண்ணீர்,
காலையில் ஸ்பேனரால் அதற்கு ரெண்டு தட்டு.

நொறுங்கிய பனிக்குள் சென்சாரின் பித்தளை மூக்கை நட்டேன்.
வாலில் இரண்டு ஒயர், மல்டிமீட்டரின் கவ்விகள்.
ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் ஓம்.
பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த அட்டவணையிலும் அதே எண்.
பூஜ்யத்தில் யோக்கியன்தான்.

அடுத்தது அக்குள்.
சிரிக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒரே தெர்மாமீட்டர்
பிள்ளையின் காய்ச்சலுக்கு வாங்கியது,
நாற்பத்திரண்டுக்கு மேல் அதற்குப் பேச வராது.
இடப்பக்கம் அது, வலப்பக்கம் இது,
கையிரண்டையும் இறுக்கிக்கொண்டு பத்து நிமிடம்
பிடிபட்ட திருடன்போல் உட்கார்ந்திருந்தேன்.
தெயோடோரா எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"மினிபஸ்ஸுக்கு எத்தனை டிகிரி காய்ச்சல்?"
ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ஓம், என்றேன்.

சூடு ஏற ஏற இதன் எதிர்ப்பு இறங்கும்.
மனிதர்களிடம் நான் பார்த்தது வேறு மாதிரி.

கடைசியில் கொதிநீர்.
தண்ணீர் தளதளவென்று குதிக்கிறது,
மூக்கை முக்கினேன், எண் சரிந்து, சரிந்து
இருநூற்று அறுபத்து நான்கில் நின்றுவிட்டது.
அட்டவணை சொல்கிறது: நூறு டிகிரிக்கு நூற்றெண்பது.
காஸைக் கூட்டினேன். இருநூற்று அறுபத்து நான்கு.
ஒயரைச் சுரண்டினேன், மீட்டருக்கு பேட்டரி மாற்றினேன்,
சந்தையில் விற்றவனின் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் இன்னொன்று வாங்கினேன்.
அதுவும் இருநூற்று அறுபத்து நான்கு.
மூன்றாவதை மச்சான் வண்டியிலிருந்து கழற்றினேன்,
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
இருநூற்று அறுபத்தைந்து.

மூன்று பேர் கூடிப் பேசிவைத்துக்கொண்டு சொல்லும் பொய்யா இது?

எனக்கு இது வேடிக்கை இல்லை.
போன செவ்வாய் லா பாஸிலிருந்து ஏறி வரும்போது,
முள் வெள்ளையிலேயே சாதுவாக நின்றது,
ரேடியேட்டர் வெடித்து வெண்புகை.
பதினான்கு பேர் சாலையில் இறங்கினார்கள்.
மடியில் கோழிக்கூடை வைத்திருந்த அம்மாள்
பாதிக் கட்டணம் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் நடந்தாள்.

அடுப்பு மூன்று மணி நேரமாக என் கையில்.
பொனிஃபாசியா பீன்ஸ் பானையோடு வாசலில் நின்றாள்,
அவள் வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டதாம்.
"சீக்கிரம் விடு, எர்மோஜெனெஸ். இங்கே இது வேக ராத்திரி ஆகும்.
சாந்தா க்ரூஸில் என் ஓரகத்தி
பானையை ஏற்றிவிட்டுத் தலை பின்னுவதற்குள் வெந்துவிடுகிறது.
நம் ஊர்த் தண்ணீருக்குக் கொதிக்கத் தெரியும்,
சுடத்தான் தெரியாது."

கையில் மீட்டர் அப்படியே நின்றது.

அட்டவணையைத் தலைகீழாகப் படித்தேன்.
டிகிரியிலிருந்து ஓமுக்கு வராமல், ஓமிலிருந்து டிகிரிக்கு.
இருநூற்று அறுபத்து நான்கு: எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே,
எண்பத்தேழு.

நாலாயிரம் மீட்டர் உயரத்தில், இளைத்த காற்றின் கீழ்
தண்ணீர் எண்பத்தேழிலேயே பொறுமை இழக்கிறது.
பனி மட்டும்தான் மேலேயும் கீழேயும் ஒரே பேச்சு.
கடலே இல்லாத நாட்டில் உட்கார்ந்து
கடல்மட்டத்துக் கணக்கை வைத்து
மூன்று சாட்சிகளைத் திட்டியிருக்கிறேன்.

அடுப்பை அவளிடம் விட்டேன். பீன்ஸ் ஏறியது.

பழைய சென்சாரையே மறுபடி முடுக்கினேன்.
முள்ளிலும் குற்றமில்லை.
குற்றம் அந்தச் சிவப்புக் கோட்டில்,
அதை வரைந்தவன் எந்தத் துறைமுகத்தில் இருந்தானோ.
மூடியை எவ்வளவு இறுக்கினாலும்
இங்கே நீர் அவன் நினைத்ததற்கு முன்பே பொங்கிவிடும்.

தெயோடோராவின் நகப்பூச்சு, ஒரு சொட்டு.
டேஷ்போர்டுக் கண்ணாடியில், அவன் சிவப்புக்கு ஒரு விரல் முன்னால்
நம் ஊர்ச் சிவப்பு.
காய்வதற்குள் கை பட்டுக் கொஞ்சம் இழுபட்டுவிட்டது.

வெளியே மச்சான் ஹார்ன் அடிக்கிறான்.
அவன் முள் அசையவே இல்லையாம்.