மழை மட்டும் என் வேலை

வானம் ஹைபோவுடையது.
ஆறும் அக்கரையும் அவன் தங்கையுடையவை.
பாலத்தில் போகிறவர்களை சூபிங் வரைவாள்.
எல்லாம் காய்ந்தபிறகு என்னிடம் வரும்,
நான் மழை பெய்விப்பேன்.

ஷென்ஜெனில், மீன்தொட்டி விற்கும் கடைக்கு மேல்
மூன்றாம் மாடி.
சுவர் நெடுக ஒரே பாலம், நாற்பது தடவை.
எப்போதோ ஜப்பானில் யாரோ
செர்ரிப் பலகையில் செதுக்கிய மழை.
கோட்டை மட்டும் விட்டுவிட்டு
மற்றதையெல்லாம் வெட்டி எடுத்திருக்கிறான்.
மழை அவனுக்கு மிச்சம்.
எனக்குச் செலவு.

அவன் பலகை ஒருமுறை நனைந்தால்
ஓர் ஊருக்கே பெய்யும்.
இங்கே பலகை இல்லை.
படத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கோடு,
ஒவ்வொன்றுக்கும் கை போக வேண்டும்.
இரும்பு அடிக்கோல், பூனை மீசைபோல் ஒரு தூரிகை,
மூச்சை இழுத்து, பிடித்து, கீழே.
மூச்சு விட்டால் மழை வளையும்.
வளைந்த மழைக்கு முதலாளி காசு பிடிப்பார்.

மரத்தின் ரேகை வானத்தில் தெரிய வேண்டுமாம்.
ஹைபோ துணியில் மரம் வரைகிறான்,
அதன்மேல் மேகம்.
மூலத்தில் ஒரு பிசகும் இருக்கிறது:
சிவப்புப் பலகை அன்றைக்கு
ஒரு நெல் அகலம் நகர்ந்துவிட்டது போலும்,
ஒருத்தியின் முக்காடு அவளுக்கு வெளியே நிற்கிறது.
அந்தப் பிசகைப் பிசகாமல் வரைய
சூபிங்குக்கு இரண்டு மாதம் பிடித்தது.

போன வாரம் ஒன்று திரும்பி வந்தது.
ராட்டர்டாமில் ஒரு பல் மருத்துவர்.
மூலத்தின் நகலில் சிவப்பு வட்டம் போட்டு,
பாலத்தில் ஆறு பேர் இருக்க வேண்டும்,
ஐந்து பேர்தான் இருக்கிறார்கள்,
பாய் போர்த்தி ஓடுகிறவனைக் காணோம் என்று.

எல்லோரும் வந்து பார்த்தோம்.
அவன் இல்லாத இடத்தில் வெறும் பாலம்.
அதன்மேல் என் மழை,
ஒரு கோடும் குறையாமல்.
எத்தனையோ முறை அவன் முதுகில் பெய்தவன் நான்.
அவன் இல்லாததை நானும் பார்க்கவில்லை.

"எண்ணினேனே" என்றாள் சூபிங். "ஆறு வந்ததே."
யாரைச் சேர்த்து எண்ணினாளோ.
"வீடு போய்ச் சேர்ந்திருப்பான், விடு" என்றான் ஹைபோ.
முதலாளி சிரிக்கவில்லை.
கூரியர் செலவு பாதி அவள் தலையில்,
பாதி என் தலையில்.

மத்தியானம் நூடுல்ஸ் டப்பாவை மூடிவைத்துவிட்டு
அவனை வரைந்தாள்.
முதலில் கால். அவள் எப்போதும்
காலில்தான் ஆளைத் தொடங்குவாள்.
பிறகு குனிந்த முதுகு, பாய்.
முகம் இல்லை. மூலத்திலும் இல்லை.
முடித்தபிறகுதான் தெரிந்தது,
மழைக்கு முன்னால் நிற்கிறான்.
ஐந்து பேர் நனைகிறார்கள்.
அவன் ஒருவன் சொட்டு ஈரமில்லாமல்,
தலைக்குமேல் பாய் வேறு.

அப்படியே எவ்வளவு நேரம் விட்டோம் என்று
சொல்லமாட்டேன்.
கீழே மீன்கடை ஷட்டரை இழுத்து மூடினார்கள்.
வெளியே மே மாத மழை,
கோடே இல்லாமல்,
யாரோ வாளியைக் கவிழ்த்ததுபோல்.

"போடு" என்றாள் சூபிங்.
"காயட்டும்" என்றேன்.
அக்ரிலிக். பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும்.
அது அவளுக்கும் தெரியும்.

அடிக்கோலை வைத்தேன்.
அவன்மேல் விழ வேண்டியது பதினொரு கோடு.
தலைக்குமேல் அறுந்த முனையையும்
காலடியில் அறுந்த முனையையும்
அவன் முதுகு வழியாக இணைக்க வேண்டும்,
முறிந்த எலும்பைப் பொருத்துகிற மாதிரி.
ஒன்று. இரண்டு.
ஐந்தாவதில் தும்மல் வந்தது, அடக்கினேன்.
ஒன்பதில் தூரிகையைக் கழுவினேன்.

பல் மருத்துவர் எண்ணுகிற ஆள்.
எண்ணட்டும்.
ஆறு பேர் இருக்கிறார்கள்.