காசு வேண்டாம்

மாற்றல் உத்தரவில் ராமநாதபுரம் என்று இருந்தது.
அன்று இரவே என் அலமாரியில் பாதி
எதற்கும் ஆகாததாகிவிட்டது.

மூன்று கம்பளி, கம்பிச்சுருள் ஹீட்டர்,
வெந்நீர் ஊற்றும் ரப்பர் பை,
முழங்காலுக்குக் கீழே தொங்கும் மழைக்கோட்டு,
கட்டைவிரல் கிழிந்த கையுறை,
ஜூலையில் துணி காயக்
கரியடுப்பின் மேல் கவிழ்க்கும் மூங்கில் கூடை.
அங்கே ஒரு துண்டு போதுமாம்,
வியர்வை துடைக்க.

அட்டையில் எழுதிக்
கோத்தகிரி நர்ஸ் குவார்ட்டர்ஸ் கேட்டில் கட்டினேன்:
‘வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.
காசு வேண்டாம்.’
மழை முதல் வரியை விட்டுவிட்டு
இரண்டாவதைக் கரைத்தது.
வந்த முதல் ஆள் விலை கேட்டார்.

அரவேணு ஹாலம்மா கம்பளியை முகர்ந்து பார்த்தாள்.
“செத்தவங்க போர்த்தினதா?”
“நான் போர்த்தினதுக்கா. இன்னும் இருக்கேன்.”
சிரிக்காமல் மடித்தாள்.
மடித்து முடித்த பிறகு சிரித்தாள்.

அரிவாள்மணையை யோகேஸ்வரி சும்மா வாங்கமாட்டேன் என்றாள்.
கூரானதைச் சும்மா வாங்கினால்
பேச்சு அறுந்துபோகுமாம்.
ஜன்னல் விளிம்பில் ஒரு ரூபாய் வைத்தாள்.
மலையிறங்கிப் போகிறவளிடம்
அறுவதற்கு இனி என்ன பேச்சு என்று
கேட்க வாயெடுத்தேன்.
அவளுடைய இரண்டு பிரசவமும் என் டூட்டியில்.
ரூபாயை எடுத்துக்கொண்டேன்.

ஒருவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக்
கதவிலிருக்கும் காலிங் பெல் கிடைக்குமா என்றார்.
அது அரசாங்கத்துடையது என்றேன்.
“அப்ப அதுவும் சும்மாதானே.”

ஐந்து மணிக்கு மூடுபனிக்குள்ளிருந்து இரண்டு பேர்.
ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள்.
அவள் சால்வைக்குள் கழுத்து நிற்காத குழந்தை;
ஏழு வாரம், மிஞ்சினால் எட்டு.
ஹீட்டரைக் காட்டினேன்.
அவன் சட்டைப்பையைத் தொட்டான்.
தலையாட்டினேன், இரண்டு கையையும் விரித்தேன்.
இந்தியில் எனக்கு
ஊசி, காய்ச்சல், மூச்சை இழு –
இவ்வளவுதான் தெரியும்.
காசு இல்லையென்றால் ஓடாத ஹீட்டர் என்று நினைத்து
இரண்டு படி இறங்கிவிட்டார்கள்.

ஓடிப்போய் பிளக்கைச் செருகினேன்.
முதலில் தூசி கருகும் வாசனை.
அப்புறம் மெல்ல, ஒரு முனையிலிருந்து, சிவப்பு.
சால்வைக்கு வெளியே
ஒரு கால் வந்தது,
அஞ்சு விரலும் விரிந்து.

ஆறவைத்து, ஒயரைச் சுற்றத் திருப்பியபோது
தகரத்தின் முதுகில் ஆணியால் கீறியிருந்தது:
பேங்க் அம்புரோஸ், 98.
அதன் கீழே,
ரேஞ்சர் வீட்டு மெகருன்னிசா, 2006.
அதற்கும் கீழே நகச்சாயத்தில் என் பெயர்.
நான் எழுதியதுதான்.
எப்படி மறந்தேன்?
அன்று மெகருன்னிசா லாரியில் ஒரு கால் வைத்தபடி
இதை என் மடியில் திணித்துவிட்டுப் போனாள்.
நான் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.
இன்று காலையிலிருந்து
என் கை மட்டும்தான் மேலே இருந்ததாக
ஒரு நினைப்பு எனக்கு.

பேனாவை நீட்டினேன், பெயர் எழுதச் சொல்லி.
அவன் யோசித்து,
ஒவ்வொன்றாகப் பத்து எண் எழுதினான்.
போன் நம்பர்.
ஏதாவது ஆனால் திருப்பிக் கேட்பேன் என்று
நினைத்திருப்பானோ.
அழிக்கவில்லை.
பெயர் எத்வா என்பதை
அவள் அவனைக் கூப்பிட்டதில் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் கூடையும் போயிற்று.
கையுறையைக்கூட யாரோ, யாரும் பார்க்காதபோது.
ரப்பர் பையை மட்டும் ஒருவரும் தொடவில்லை.
யார் வயிற்றில் வைத்ததோ என்றிருக்கும்.

பஸ் குஞ்சப்பனை தாண்டும்போதே வியர்த்தது.

இங்கே மே மாதம்.
மின்விசிறி அனலைத் திருப்பித் திருப்பி அடிக்கிறது.
பானைத் தண்ணீரை அந்தப் பையில் ஊற்றி
மூடியை இறுக்கிப்
பிடரிக்கு வைத்துப் படுத்திருக்கிறேன்.
பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து,
இது எங்கே விற்கிறது என்கிறாள்.