நாற்பது டிகிரித் தொட்டி

ஹூசாவிக்கில் ஜனவரியில்
பதினோரு மணிக்குத்தான் விடியும்.
நாங்கள் ஆறரைக்கே வெந்நீரில் இருப்போம்.

முப்பத்தெட்டு டிகிரித் தொட்டி பிள்ளைகாரர்களுக்கு.
நாற்பத்திரண்டு, வீம்புக்காரர்களுக்கு.
நடுவில் இருக்கும் நாற்பது எங்களுடையது.
ஓய்வூதியமும்
மாற்றி வைத்த ஒரு மூட்டும்
எழுதப்படாத தகுதி.

குளியலறைக் கதவிலிருந்து தொட்டிக்குப் பதினெட்டு எட்டு,
மைனஸ் ஒன்பதில், ஈரக் காலோடு.
என் புது முழங்காலுக்கு இருபத்திரண்டு.

ஹால்பியோர்ன் நெஞ்சில் நெடுங்கோடாய்த் தழும்பு.
"ஜிப்பு வைத்துத் தைத்திருக்கிறார்கள்,
அடுத்த முறை சுலபமாகத் திறக்கலாம்" என்பான்.
வருடத்துக்கு முந்நூறு முறை சொல்வான்.
முந்நூறு முறையும் சிரிப்போம்.
சைவுன் மாத்திரைகளை நிறத்தால் அழைப்பாள்:
மஞ்சள் மயக்குகிறது, நீலம் தூங்கவிடுவதில்லை,
வெள்ளை எதற்கென்று டாக்டருக்கே மறந்துவிட்டது.
பிறகு மேயர், துறைமுக வரி, காட் மீன் விலை,
யார் வீட்டு மருமகன் வாசல் பனியை வழிக்கவில்லை.

இன்னொன்று சொல்லவேண்டும்.
நாங்கள் ஒருவரையொருவர் உடுப்போடு அறியோம்.
கூட்டுறவுக் கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கும்போது
கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து யாரோ தலையாட்டினார்.
வீடு வந்து கெட்டிலை வைத்த பிறகுதான் பொறி தட்டியது:
அட, ஸ்டெய்ன்தோர்!

ஸ்டெய்ன்தோர். பனி தள்ளும் வண்டி ஓட்டியவன்.
குழாயடி மூலை அவனுடையது.
பேசமாட்டான். தலையாட்டுவான்.
நாங்கள் சிரித்தால் அரை நொடி தள்ளிச் சிரிப்பான்.

போன குளிர்காலம், புயலில் வேறு யாரும் வராத காலை,
அவனிடம்தான் சொன்னேன்.
சுங்க அலுவலகத்தில் நாற்பது வருடம்
ஊரார் பெட்டியைத் திறக்கச் சொன்னவள்
திறக்காத என் பெட்டியை.
கணவன் செத்த அன்று
எனக்கு முதலில் வந்தது பசி.
இரண்டு முட்டை பொரித்துத் தின்றேன்,
உப்புப் போட்டு, நின்றபடி.
அதற்குப் பிறகுதான் மகளுக்கு போன் செய்தேன்.

அவன் என்னையே பார்த்தான்.
மெல்லத் தலையாட்டினான்.
அந்த ஒரு தலையாட்டலைப் பிடித்துக்கொண்டு
ஏப்ரல் வரை வந்துசேர்ந்தேன்.

இந்தப் பிப்ரவரி ஒன்பது நாள் அவனைக் காணோம்.
மூலையில் யாரும் உட்காரவில்லை.
எந்தத் தெரு? தெரியாது.
தொலைபேசிப் பட்டியலில் ஏழு ஸ்டெய்ன்தோர்.
எங்களவன் எவன் மகன்? தெரியாது.
இடது தோளில் எத்தனை மச்சம் என்று கேட்டிருந்தால்
சொல்லியிருப்போம்.

பத்தாம் நாள் வந்தான்.
அக்குரேரி போயிருந்தானாம், காதுக் கருவி மாட்ட.
நனையக்கூடாதென்று லாக்கரில் வைத்துவிட்டு
தண்ணீரில் இறங்கி, ஊருக்கே கேட்கும்படி அறிவித்தான்:
"பன்னிரண்டு வருஷமாக நீங்கள் பேசியது
ஒரு சொல்கூட எனக்குக் கேட்டதில்லை!
குழாய்ச் சத்தம் வேறே!"

ஹால்பியோர்ன் வாய் திறந்தது திறந்தபடி.
பின்னே எதற்கு வந்தாய் என்று
சைவுன் கையால் கேட்டாள்.
"சூடாக இருக்கிறதே" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அரை நொடி தள்ளி அவனும்.
நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
செரித்துவிட்டதாக நினைத்த இரண்டு முட்டையும்
திரும்ப வயிற்றில்.

குளித்து முடித்தால் முன்கூடத்தில் காப்பி இலவசம்.
காதில் கருவியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்,
சட்டையோடு, அந்நியனைப் போல.
"பனியை மிதித்தால் சத்தம் வருகிறது, தெரியுமா?
இருபத்தாறு வருஷம் அதைத் தள்ளியிருக்கிறேன்."
கோப்பையைச் சுழற்றினான்.
"நீ ஏதோ சொன்னாயே, புயலன்று.
இப்போது சொல். கேட்கும்."

காட் மீன் விலையைச் சொன்னேன் என்றேன்.
"ஏறிவிட்டதா?"
ஏறிவிட்டது.

நாளைக்கும் ஆறரைக்கு வருவான்,
காதை லாக்கரில் பூட்டிவிட்டு.
குழாயடிப் பக்கம் நகர்ந்து உட்கார உத்தேசம்.
மிச்சம் இருக்கிறது எனக்கு.
முட்டைக்குப் பிறகு
ரொட்டியும் தின்றேன்.